ராஜம் கடிதம் போட்டானா?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை ஏற்படுத்திய பழைய மாணவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். பேச வருகிறவர் ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அது அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டிய புத்தகமாக இருக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் புழலிலும் மாதவரத்திலும் தமிழாசிரியையாக இருந்தவள் நான். பாடப்புத்தகத்துக்கு வெளியே என் வகுப்புகளில் அதிக முறை சொன்ன கதை எது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

2008-ஆம் ஆண்டு மழைக்காலம். பள்ளி மைதானத்தில் முழங்கால் தண்ணீர். விளையாட்டு பீரியட் நடத்த வழியில்லை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை என்னிடம் அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள், தினமும் கடைசி பீரியடில், ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' நாவலைத் தமிழில் கதையாகச் சொன்னேன். ஐந்தாம் நாள் ரயில் கிளம்பிவிட்டது, இரண்டு பையன்கள் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள் என்று முடித்தேன். வகுப்பு சும்மா இருந்தது. மூன்றாம் பெஞ்சிலிருந்து காவாங்கரை அகதி முகாம் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ராஜம் கடிதம் போட்டவனோ, மிஸ்?"

வகுப்பில் அவன் மற்றவர்களைப் போலச் சென்னைத் தமிழ்தான் பேசுவான். முகாமுக்குள் பேசும் ஈழத்துத் தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிற பிள்ளை. அன்று அவனை அறியாமல் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நாவலிலும் பதில் இல்லை. இன்றைய என் பேச்சு முழுவதும் அவன் கேட்ட அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. 1935-ல் லண்டனில் ஹமிஷ் ஹாமில்டன் நிறுவனம் வெளியிட்டது. நாராயணின் முதல் நாவல். மால்குடி என்ற கற்பனை ஊர் பிறந்ததும் இதில்தான். ஊர் கற்பனை என்றாலும் எழுதியவர் நம் பக்கத்து ஆள். 1906 அக்டோபர் 10 அன்று புரசைவாக்கத்தில் பிறந்தவர். இங்கே புழலிலிருந்து ஜி.என்.டி. சாலையில் கிளம்பி மூலக்கடை, பெரம்பூர் வழியாகப் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறந்தபோது அவருக்கு ஏழு எட்டு வயது. அங்கே வந்து சேர்ந்த தண்ணீர் நம் செங்குன்றம் ஏரித் தண்ணீர். பட்டணத்துக் குழாய்களில் நம் ஏரி ஓடிக்கொண்டிருந்த நாட்களில் வெள்ளாளத் தெருவில் பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பாட்டி வீட்டில் ஏன் வளர்ந்தார்? அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். இரண்டு வருடத்துக்கு ஓர் ஊர், மூன்று வருடத்துக்கு ஓர் ஊர் என்று மாற்றல் வந்துகொண்டே இருந்தது. குழந்தையைப் பாட்டியிடம் விட்டார்கள். பாட்டி அவரைக் 'குஞ்சப்பா' என்று கூப்பிட்டு, கணக்கும் புராணமும் சங்கீதமும் சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டில் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் என்று இருந்தவை ஒரு மயிலும் ஒரு குரங்கும். தெருவில் பிள்ளைகள் இல்லாமலா போயிருப்பார்கள்? இருந்தும் மயிலையும் குரங்கையும்தான் அவர் தம் நினைவுகளில் அத்தனை ஆசையாக எழுதியிருக்கிறார். பிறகு புரசைவாக்கத்து லூத்தரன் மிஷன் பள்ளி. அங்கே வேதப்பாட வகுப்பில் இந்துக் கடவுள்களைப் பழித்துப் பேசியதைக் கேட்டு வளர்ந்த அனுபவம்தான் நாவலில் எபனேசர் வாத்தியாராக வருகிறது. அந்த அத்தியாயத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அதைத் தாண்டிப் போகிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாற்றல். 'டிரான்ஸ்ஃபர்' என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற அந்த ஒற்றைச் சொல். இந்த நாவலில் யார் யாரோடு சிநேகமாக இருக்கலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்வதில்லை. ராஜம் மால்குடிக்கு வந்தது அவன் அப்பாவின் மாற்றல் உத்தரவால். அவர் போலீஸ் அதிகாரி. அவன் ஊரைவிட்டுப் போவதும் அதே மாதிரி ஓர் உத்தரவால்தான். நடுவில் சங்கர் என்ற கெட்டிக்காரப் பையன் ஒருவன் வருகிறான். வகுப்பில் முதல் மதிப்பெண் எப்போதும் அவனுக்குத்தான். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவன் அப்பாவுக்கு மாற்றல். அதோடு சங்கர் கதையிலிருந்தே காணாமல் போகிறான். நாராயண் அவனுக்கு ஒரு பிரிவுக் காட்சிகூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. முதல் தடவை படித்தபோது இது எழுத்தாளரின் கவனக்குறைவு என்று நினைத்தேன். வகுப்பில் வருடா வருடம் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு புரிந்தது. ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரு பெயர் இருக்காது. பக்கத்துப் பையன் ஒரு வாரம் அந்த இடத்தைப் பிடித்துவைப்பான். அப்புறம் அதில் பையை வைத்துக்கொள்வான்.

இனி நாவலின் நட்புகளுக்குள் போவோம். சுவாமிநாதன் முதல் ஃபாரத்தில் படிக்கிற, எதிலும் பின்பெஞ்சான பையன். அவனுக்கு மணி என்று ஒரு முரட்டுச் சிநேகிதன்; புத்தகம் கொண்டுவராதவன், ஆளையெல்லாம் தூக்கிச் சரயு ஆற்றில் போடுவேன் என்று மிரட்டுகிறவன். இந்த வகுப்புக்கு ராஜம் வந்து சேருகிறான். சாக்ஸ், ஷூ, வெள்ளைக்காரன் மாதிரி ஆங்கிலம். மணிக்குப் பொறுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் சவால் சீட்டுகளைச் சுமந்து போகிற வேலை சுவாமிக்கு. கடைசியில் ஆற்றங்கரையில், நல்லப்பன் தோப்புப் பக்கம், ஒரு மாலையில் சண்டைக்கு நாள் குறிக்கிறார்கள். மணி கையில் தடி. ராஜம் கையில் காற்றுத் துப்பாக்கி. சுவாமி நடுங்கிக்கொண்டு நிற்கிறான். சண்டை நடக்கவில்லை. ஒருவன் மற்றவனைப் பற்றிச் சொன்னதாக யார் யாரோ சொன்னதை எல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். ராஜம் பிஸ்கெட் எடுத்துக் கொடுக்கிறான். சிநேகம் ஆரம்பமாகிவிட்டது.

பெரியவர்கள் நட்பு என்றால் குணம் ஒத்துப்போவது என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. முதலில் ஒரு பயம் விலக வேண்டும். பிறகு ஏதாவது தின்ன வேண்டும். என் வகுப்பில் கைகலந்த பையன்கள் மறுநாள் ஒரே பாக்கெட் முறுக்கைப் பிரித்துத் தின்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

பிறகு சோமு, சங்கர், 'பட்டாணி' சாமுவேல் மூவரும் சுவாமியோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவன் ராஜத்தின் 'வால்' என்று கேலி. ஆங்கிலத்தில் 'டெயில்' என்று எழுதியிருக்கிறார் நாராயண். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியிருப்பார்கள். நமக்கு அது ஒரு நொடிகூட எடுக்காது: வால் பிடிக்கிறவன். தமிழாசிரியை ஏன் ஆங்கில நாவலைப் பற்றிப் பேசுகிறாள் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அதற்கு இதுதான் என் பதில். இந்த ஆங்கிலத்தை விரல் நுனியால் சுரண்டினால் அடியில் தமிழ் இருக்கிறது. எங்கள் தெருவில் சுண்டுவிரலைக் காட்டினால் காய், ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம். சுவாமிக்கு அந்த நாட்களில் வகுப்பே காய் விட்டுவிட்டது. அந்த அத்தியாயத்தைச் சொன்னபோது ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தக் காயைப் பழமாக்கியவன் ராஜம். எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, பகையால் வரும் கேட்டைப் பற்றிப் பெரிய மனுஷன் மாதிரி உரையாற்றி, சிநேகமாக இருப்பதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு ஆளுக்கொரு பரிசு கொடுக்கிறான். கொடுக்க அவனிடம் பொருள் இருக்கிறது. சுவாமியாலோ மணியாலோ இந்தச் சமாதானத்தைச் செய்திருக்க முடியாது. இது எனக்கு ஒவ்வொரு முறையும் நெருடுகிறது.

அதைவிட அதிகமாக நெருடுகிற காட்சி ஒன்று உண்டு. விடுமுறையில் ராஜம், மணி, சுவாமி மூவரும் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு ஒரு கிராமத்துப் பையன் வருகிறான். பெயர் கருப்பன். இவர்கள் வயதுதான் இருக்கும். மூவரும் வண்டியை மறித்துப் பெயர் கேட்கிறார்கள். நாங்கள் சர்க்கார் போலீஸ், உன் வண்டி போனால் பாலம் உடைந்துவிடும் என்று மிரட்டுகிறார்கள். அவன் அழுது கெஞ்சுகிறான். கடைசியில் ராஜம் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்து, போக அனுமதிக்கிறான். மூவருக்கும் அன்று நல்ல பொழுது. சிநேகம் இன்னும் கெட்டியாகிறது.

இதை வகுப்பில் சொன்னபோது முதலில் சிரிப்பு வந்தது. பின்பெஞ்சில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வீட்டில் செங்குன்றம் அரிசி மண்டிக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள். விடுமுறையில் அவனும் அப்பாவோடு மண்டிக்குப் போவான். "அவன் பேரு எதுக்கு மிஸ் கேட்டாங்க? பேரு கேட்டா பயந்துருவான்னுதானே?" என்றான். மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் நெருங்க, நான்காவதாக ஒருவனைச் சிறியவனாக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பையன் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டான். நட்பைப் பற்றிப் பேசுகிற நூல்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. நாராயண் புரட்டினார். கருப்பனை அவர் எங்கே மறுபடியும் கொண்டுவருகிறார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாவலில் 1930 ஆகஸ்ட் 15 என்று ஒரு தேதி வருகிறது. பம்பாயில் ஒரு காங்கிரஸ் ஊழியரைக் கைது செய்ததைக் கண்டித்துச் சரயுக் கரையில் கூட்டம். சுவாமி தன் தொப்பியைக் கழற்றி நெருப்பில் போடுகிறான். மறுநாள் வேலைநிறுத்தம், பள்ளி ஜன்னல் கண்ணாடிகள் உடைகின்றன. போலீஸ் தடியடி. தடியடிக்கு உத்தரவு போடுகிறவர் ராஜத்தின் அப்பா. அடுத்த நாள் பிரம்படிக்குத் தப்பி, சுவாமி ஆல்பர்ட் மிஷன் பள்ளியை விட்டே ஓடிவிடுகிறான். போர்டு ஹைஸ்கூலில் சேருகிறான். ஆறு வாரம் கழித்து ராஜம் தானே தேடி வந்து, உன் அரசியல் குற்றங்களையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்கிறான்.

என்ன பெரிய மனசு பாருங்கள். தன் அப்பாவின் போலீஸை எதிர்த்துக் கல்லெறிந்த கூட்டத்தில் இருந்தவனை, அந்தப் பிள்ளை மன்னித்துவிட்டான். தேசம் இரண்டுபட்ட விஷயம் அவர்களுக்கு இடையில் ஆறே வாரத்தில் கரைந்துபோயிற்று. ஆனால் ஒரு கிரிக்கெட் மாட்சுக்கு வராததை அவனால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளைகளின் தராசு அப்படி. நம் தராசைக் கொண்டுபோய் அதில் வைத்தால் எதுவும் நிற்காது.

மால்குடி கிரிக்கெட் கிளப் என்று மூவரும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிக்கிறார்கள். மட்டையும் பந்தும் கேட்டு மெட்ராஸ் மவுண்ட் ரோடு கடைக்குக் கடிதம் போடுகிறார்கள். சுவாமி பந்து வீசுவதைப் பார்த்து, மாரிஸ் டேட் என்ற ஆங்கிலப் பந்துவீச்சாளரின் பெயரை அவனுக்கு வைக்கிறார்கள். எதிலும் சராசரியான பையனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பட்டப்பெயர் கௌரவமாகக் கிடைக்கிறது. ஆனால் போர்டு ஹைஸ்கூலில் பள்ளி முடிந்து டிரில் உண்டு. பயிற்சிக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை. சுவாமி டாக்டர் கேசவனிடம் போய்ச் சான்றிதழ் கேட்கிறான். நான் உன் ஹெட்மாஸ்டரிடம் பேசிக்கொள்கிறேன் என்கிறார் டாக்டர். பேசவில்லை. டாக்டருக்கு அது ஒரு சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்திய வார்த்தை. சுவாமிக்கு அது பத்திரம் மாதிரி. அதை நம்பி டிரிலுக்குப் போகாமல் இருந்தவனைத் தலைமையாசிரியர் பிரம்பை எடுத்து அடிக்க வர, அவன் பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசிவிட்டு ஓடுகிறான். இரண்டாவது பள்ளியும் போயிற்று. இனி வீட்டுக்குப் போக முடியாது.

பையன் வீட்டை விட்டு ஓடிப்போவது உலகச் சிறுவர் நாவல்களின் முதுகெலும்பு. 1876-ல் வந்த மார்க் ட்வைனின் நாவலில் டாம் சாயர் இரண்டு நண்பர்களோடு ஆற்றுத் தீவுக்கு ஓடிப்போகிறான். ஊரே அவர்கள் ஆற்றோடு போய்விட்டார்கள் என்று நினைத்து மாதா கோயிலில் இறுதிச் சடங்கு நடத்துகிறது. அதை மாடியில் ஒளிந்திருந்து கேட்டுவிட்டு மூவரும் இறங்கி வருகிறார்கள். ஊர் அழுது கட்டிக்கொள்கிறது. சாகசம் முடிந்து டாம் வீரன் ஆகிவிடுகிறான். என் வகுப்புப் பையன்களுக்கு டாமை ரொம்பப் பிடிக்கும். ஏரிக்குள் தெர்மாகோல் தெப்பத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்களைக் கரையில் நின்று பார்த்துப் பெருமூச்சு விட்ட பிள்ளைகள் அவர்கள்.

சுவாமியின் ஓட்டத்தில் அந்தக் கொண்டாட்டம் இல்லை. அவன் தனியாக ஓடுகிறான். மெம்பிக் காட்டுச் சாலையில் நடக்கிறான். இருட்டுகிறது. வீட்டு ஞாபகம் வந்து திரும்புகிறான், வழி தவறிவிடுகிறது. மால்குடியில் அப்பா அவனைத் தேடி, வெளியில் சொல்ல முடியாத பயத்தோடு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்; ஆற்றைப் பார்க்கிறார். அந்த இடத்தை நான் வகுப்பில் எப்போதும் வேகமாகச் சொல்லிவிடுவேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள்.

விடிகிற நேரத்தில் சாலையில் நினைவிழந்து கிடந்தவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து வன அதிகாரியிடம் சேர்க்கிறவன் யார் தெரியுமா? ரங்கா என்ற ஒரு வண்டிக்காரன். மாட்டுவண்டிக்காரன்.

கருப்பன் திரும்பி வருகிறான் என்று நான் சொன்னது இதைத்தான். ஆள் வேறு, ஊர் வேறு. ஆனாலும் ஒரு வண்டியை மறித்துச் சிரித்த பிள்ளையை இன்னொரு வண்டிதான் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. சுவாமிக்கு இது தோன்றவே இல்லை. நாராயணும் ஒரு சொல் சொல்லவில்லை. இருபது தடவை படித்த பிறகுதான் எனக்கே இது தட்டுப்பட்டது. அவர் நினைத்தே செய்தாரா என்று கேட்டால், நினைத்துச் செய்தார் என்றுதான் நான் நம்புகிறேன்.

வன அதிகாரி பங்களாவில் கண் விழித்த சுவாமிக்கு ஒரே கவலை: மாட்ச். இன்று சனிக்கிழமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஞாயிறு. மாட்ச் நாளே அன்றுதான். அவன் ஊர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது, கிளப் தோற்றுவிட்டது. ராஜம் அவன் முகத்தில் விழிக்கத் தயாராக இல்லை. மணிதான் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஆரம்பத்தில் மணிக்கும் ராஜத்துக்கும் நடுவில் சுவாமி சீட்டு சுமந்தான். இப்போது சுவாமிக்கும் ராஜத்துக்கும் நடுவில் மணி சொல் சுமக்கிறான். சரயுவில் தூக்கிப் போடுவேன் என்ற அந்த முரடனுக்குள் இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது? இந்த நாவலின் பெரிய சிநேகிதன் மணிதான் என்று நான் சொல்வேன். அட்டையில் இருப்பது சுவாமியின் பெயர். பலருக்கும் நினைவில் நிற்பது ராஜம்.

திருக்குறளில் நட்புக்கு அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள். நாம் 79-ஐயும் 80-ஐயும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 81-ஆம் அதிகாரமான 'பழைமை'யை அதிகம் தொடுவதில்லை. பழகியவர் உரிமையோடு செய்துவிட்ட தவறையும் பொறுத்துக்கொள்வதைப் பற்றிய அதிகாரம் அது. தேர்ந்தெடுத்துப் பழகு என்று சொன்னவர், பழகிய பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் தனியாகப் பத்துக் குறள் எழுத வேண்டியிருந்தது. ராஜத்துக்கு அந்தப் பழைமை வர இன்னும் சில வருடங்கள் வேண்டியிருந்தன. மாற்றல் உத்தரவு அந்த வருடங்களைக் கொடுக்கவில்லை. ராஜம் கெட்டவன் இல்லை. கோபம் ஆறுகிற வரை பக்கத்தில் இருக்க அவனுக்கு வாய்க்கவில்லை. என் வகுப்பில் காய் விட்டவர்கள் பழம் விடச் சாதாரணமாக நான்கு நாள் ஆகும். ராஜத்துக்கும் ஆகியிருக்கும், ஒரு பத்து நாளோ இருபது நாளோ.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாவலில் பெண் பிள்ளையே கிடையாது. பாட்டி உண்டு, அம்மா உண்டு. நான் பதினான்கு வயதில் திருவொற்றியூரில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து கிழிந்த பிரதியாக இதை எடுத்துவந்து படித்தபோது, எனக்கு எங்கேயும் இடமில்லாமல் இருந்தது. ஓடிப்போகலாம் என்று நினைக்கக்கூட முடியாத வயதும் வீடும். ஆனால் பாட்டி இருந்தார். ராஜத்தைப் பற்றிச் சுவாமி மணிக்கணக்கில் பேசுவதை இருட்டில் படுத்துக்கொண்டு கேட்கிற பாட்டி. ஒரு பையனுடைய சிநேகத்தின் பெருமையை முழுதாகக் கேட்டது இந்தக் கதையில் அவர் ஒருவர்தான். அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். பிற்பாடு முப்பத்தோரு வருடம் செய்த வேலையும் ஏறக்குறைய அதுதான்.

இந்தப் புத்தகம் அச்சேறிய கதையும் ஒரு சிநேகத்தின் கதை. லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்ப, மனம் வெறுத்துப்போன நாராயண், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்: கையெழுத்துப் பிரதியில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு. பூர்ணா போடவில்லை. கொண்டுபோய் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்துவிட்டுப் பதிப்பாளரைப் பிடித்தார், தலைப்பு வைத்தார், நாராயணசாமி என்ற பெயரையும் சுருக்கினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்குள் கடிதப் போக்குவரத்து. நேரில் பார்த்துக்கொண்டது மிக மிக அரிது. காணாமலே நண்பரான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பாடமாக நடத்திய எனக்கு, இருபதாம் நூற்றாண்டில் தபால் தலை ஒட்டிய ஒரு பிசிராந்தையார் கிடைத்துவிட்டார்.

மாட்ச் முடிந்து பத்து நாள் கழித்து, ராஜம் ஊரை விட்டுப் போகிறான் என்று மணி வந்து சொல்கிறான். அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல். விடியற்காலை ரயில். சுவாமி இருட்டோடு எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். கையில் ஆண்டர்சன் தேவதைக் கதைகள். முதல் பக்கத்தில் ராஜத்துக்கு என்று எழுதியிருக்கிறான். பிளாட்பாரத்தில் பெரிய கூட்டம், போலீஸ்காரர்கள், அதிகாரிகள். நடுவில் துரை மாதிரி உடுத்திய ராஜம். பிஸ்கெட் கொடுத்த பையன் அந்தக் கூட்டத்துக்குள் தெரியவில்லை. சுவாமியால் கிட்டப் போக முடியவில்லை. ரயில் நகர ஆரம்பித்ததும் மணிதான் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு கூடவே ஓடி, கத்தி, ஜன்னல் வழியே கொடுக்கிறான். ராஜம் வாங்கிக்கொள்கிறான். ஏதோ சொல்கிறான். ரயில் சத்தத்தில் அது கேட்கவில்லை.

பிறகு சுவாமி மணியிடம் கேட்கிறான்: எழுதுவானா? எழுதுவதாகச் சொன்னான் என்கிறான் மணி. முகவரி? அவனிடம் இருக்கிறது என்கிறான். சுவாமி நிமிர்ந்து மணியின் முகத்தைப் பார்க்கிறான். எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டிவிடுகிற அந்த முகத்தில் அன்று அவனால் எதையும் படிக்க முடியவில்லை. நாவல் அங்கே நிற்கிறது. இதை எழுதி முடித்தபோது நாராயணுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இனி என் ஏழாம் வகுப்பு.

ராஜம் கடிதம் போட்டவனோ என்று அந்தப் பையன் கேட்டதும், நான் வாய் திறக்கும் முன் ஒரு பெண் சொன்னாள்: "போட்டிருக்க மாட்டான் மிஸ். மணி சும்மா சொல்றான்." முகாம் பையன் பக்கத்தில் உட்காருகிறவன் சிறைக் காவலர் ஒருவரின் மகன். 2006-ல் மத்திய சிறை இங்கே வந்ததிலிருந்து எங்கள் பள்ளிக்குக் காவலர் குடியிருப்புப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள், வருவார்கள், போவார்கள். அவன் எழுந்திருக்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்கப்பாக்கு மூணு வாட்டி டிரான்ஸ்ஃபர் ஆச்சு மிஸ். மொத வாட்டி நான் லெட்டர் போட்டேன். அடுத்த வாட்டி போடல. ஆனா நெனச்சுக்கினே இருந்தேன்."

முகாம் பையன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கிற சிநேகிதர்கள். ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சை முடிந்ததும் காவலர் மகனுக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று முகாம் பையன் தன் ஜாமெட்ரி பாக்ஸை அவனுக்குக் கொடுத்தான். மூடியின் உள்பக்கம் காம்பஸ் முனையால் முகாம் முகவரியைக் கீறியிருந்தான். வரிசை எண், வீட்டு எண், காவாங்கரை, புழல், சென்னை. தகரத்தில் கீறிய எழுத்து வெயிலில் பளபளத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பஸ் ஏறப் போகிறவன் அதைத் திறந்து திறந்து பார்த்தான்.

அதற்கடுத்த வருடமே முகாம் பையனின் குடும்பம் ஊர் திரும்புவதாகப் பெயர் கொடுத்தது. போர் முடிந்திருந்த நேரம். அவன் இங்கே பிறந்தவன். திரும்புவது என்ற சொல் அவனுக்குப் பொருந்தவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது, லெட்டர் எதுவும் வந்ததா மிஸ் என்றுதான் கேட்டான். வரவில்லை.

வந்தது. 2012 ஜூன் மாதம், பள்ளி முகவரிக்கு, 'தமிழ் மிஸ் மூலமாக' என்று அவன் பெயருக்கு ஓர் அஞ்சலட்டை. கேம்ப் அட்ரஸுக்குப் போட்டது திரும்பி வந்துவிட்டது, அதனால் ஸ்கூலுக்குப் போடுகிறேன், லேட்டாக எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே என்று தொடங்கியிருந்தது. வேலூரில் வெயில், ஸ்கூல் டீமில் ஓப்பனிங் பேட்ஸ்மேன், ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் மட்டும் தொலைந்துவிட்டது. கீழே ஒரு தொலைபேசி எண். நான் அன்று மாலையே கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. முகாமில் பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். மன்னார்ப் பக்கம் போனார்கள் என்றார் ஒரு அம்மா. இல்லை, வவுனியா என்றார் இன்னொருவர்.

அந்த அட்டையை இந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதன்பின் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அது அங்கேயேதான் இருந்தது. இன்றும் எடுத்து வந்திருக்கிறேன், இதோ மேசைமேல் இருக்கிறது. மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பெயர் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. காவாங்கரையிலிருந்து வந்திருக்கிற பெரியவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் ஒரு நிமிடம் வந்து அந்தப் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.